‘எங்க தெருவுக்கு வராது’ என்று சொல்வதற்கு முன்

ஐப்பசி பிறந்து வானம் இருட்டத் தொடங்கியதும் சென்னை மடிப்பாக்கத்தில் இரண்டு வகை ஆட்களைப் பார்க்கலாம். ஒருவர், "2015 வெள்ளத்துலயே தண்ணி நம்ம வாசப்படி ஏறல, இனிமே எங்க ஏறப்போவுது" என்று நிம்மதியாகப் படுத்துவிடுவார். இன்னொருவர் நாலு தூறல் விழுந்தாலே "செம்பரம்பாக்கம் திறந்துட்டாங்களாம்" என்று வாட்ஸ்அப்பில் வந்ததையெல்லாம் ஃபார்வர்டு செய்துவிட்டு ராத்திரி முழுக்க விழித்திருப்பார். இரண்டு பேரும் ஒரே தெருவில், பல சமயம் ஒரே வீட்டில் மேலும் கீழுமாகக் குடியிருப்பவர்கள். இரண்டு பேரும் நம்பியிருப்பது பழைய ஞாபகத்தை. அவரவர் வீட்டின் அளவு ஒருவரிடமும் இல்லை.

நான் கட்டட வேலையில் சைட் சூப்பர்வைசர். தரைத்தளத்தில் வாடகைக்கு இருக்கிறேன். கூட அம்மா, மனைவி, பள்ளிக்கூடம் போகும் மகள். மட்டம் பார்ப்பது தினசரி வேலை என்பதால் தெருவில் கேட்பவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் அளந்து கொடுப்பது உண்டு. அப்படி அளந்து, பேசி, எழுதி வைத்ததைத்தான் இங்கே சொல்கிறேன். புரட்டாசிக்குள் செய்து முடிக்க வேண்டிய வேலை இது. மழை இறங்கிய பிறகு டேப்பைப் பிடிக்கக்கூட நேரம் இருக்காது.

உங்களுக்கு வருவது எந்தத் தண்ணீர்?

சென்னையில் வெள்ளம் என்றாலே 2015 டிசம்பர்தான் எல்லோர் கண்ணிலும் நிற்கிறது. அன்றைக்குத் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. கொட்டியது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டார்கள். அந்தத் தண்ணீர் திருநீர்மலை பக்கம் அடையாற்றில் வந்து சேரும். ஆறு ஏற்கெனவே தாம்பரம், முடிச்சூர் பக்கத்து ஏரிகளின் உபரி நீரோடு நிரம்பி ஓடிக்கொண்டிருந்தது. மணப்பாக்கம், ஈக்காட்டுத்தாங்கல், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று ஆற்றோரம் முழுக்க முழுகியது. அது ஆறு கரை உடைத்து வந்த தண்ணீர்.

2021 நவம்பர் 6 ராத்திரி விடிய விடிய பெய்தது வேறு கதை. நுங்கம்பாக்கத்தில் 21 செ.மீ. ஆறு ஊருக்குள் வரவில்லை. ஆனாலும் தி.நகரும் மாம்பலமும் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றன. தி.நகர் 1920-களில் ஒரு பெரிய ஏரியைத் தூர்த்து உருவாக்கிய ஊர். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்றைக்கும் இருக்கிறது. பெய்த மழை, ஏரி இருந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

2023 டிசம்பர் 3, 4-ல் மிக்ஜாம் புயல் கரையை ஒட்டி நகராமல் நின்று கொட்டியபோது எங்கள் பக்கம், அதாவது வேளச்சேரி, மடிப்பாக்கம், பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், மாட்டிக்கொண்டது. சுற்றுவட்டார ஏரிகளின் தண்ணீர் எல்லாம் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு வந்து, ஒக்கியம் மடுவு என்ற ஓடை வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய்த்தான் கடலைப் பார்க்க வேண்டும். கடல் பொங்கி நின்றால் கால்வாய் வாங்காது. கால்வாய் வாங்காவிட்டால் சதுப்பு நிலம் இறங்காது. சதுப்பு நிலம் இறங்காவிட்டால் எங்கள் தெரு வடியாது. மழை நின்று வெயில் அடித்த பிறகும் தண்ணீர் நின்றதற்குக் காரணம் அதுதான்.

ஆகவே முதல் வேலை, உங்கள் தெருத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று தெரிந்துகொள்வது. ஆற்றோரம் இருப்பவர் செம்பரம்பாக்கத்தைப் பார்க்கத்தான் வேண்டும். மடிப்பாக்கத்தில் இருக்கும் நான் செம்பரம்பாக்கத்தைப் பார்த்துப் பயப்படுவதில் பொருளே இல்லை. அந்தத் தண்ணீர் என் பக்கம் வருவதில்லை. நான் பார்க்க வேண்டியது எங்கள் ஏரியின் கலங்கல் (உபரி நீர் வழியும் இடம்), சதுப்பு நிலத்தின் மட்டம், அமாவாசை பௌர்ணமியை ஒட்டிய கடல் ஏற்றம். தப்பான இடத்தைப் பார்த்துப் பயப்படுபவர், சரியான இடத்தைப் பார்க்காமலே இருந்துவிடுகிறார். என்னைக் கேட்டால் இந்த ஊரில் நடக்கும் பெரிய ஆபத்தே இதுதான்.

டியூப் லெவல் பிடிப்பது

கொத்தனார்கள் வைத்திருக்கும் கண்ணாடிபோலத் தெரியும் பிளாஸ்டிக் டியூப், அரை இன்ச், பத்து மீட்டர் போதும். ஹார்டுவேர் கடையில் கேட்டால் தருவார்கள். கூட ஒரு டேப், ஒரு குச்சி, கூப்பிட்டால் வரக்கூடிய ஒரு ஆள். எனக்கு மகள் வருகிறாள்.

தெருவில் எது பள்ளம் என்று முதலில் தெரிய வேண்டும். சாதாரண மழை ஒன்று பெய்து ஓய்ந்த பிறகு கடைசிவரை எங்கே தண்ணீர் நிற்கிறதோ, அங்கே சாக்பீஸால் ஒரு குறி. அதுதான் பூஜ்யம். இனி எல்லா அளவும் அந்த இடத்திலிருந்துதான்.

டியூபில் தண்ணீர் ஊற்றுங்கள். நடுவில் காற்றுக்குமிழி நின்றால் அளவு பொய் சொல்லும். விரலால் சுண்டிச் சுண்டி வெளியேற்றுங்கள். ஒரு முனையைப் பள்ளத்தில் நட்ட குச்சியோடு ஒருவர் பிடிக்க, மறுமுனையை நீங்கள் வீட்டு நிலைப்படிக்கு நேராகப் பிடியுங்கள். தண்ணீர் ஆடி அடங்கியதும் இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் நிற்கும். இப்போது அந்தப் பக்கம் தண்ணீர்க் கோட்டிலிருந்து தரை வரை அளக்க வேண்டும். இந்தப் பக்கம் கோட்டிலிருந்து நிலைப்படி வரை. எங்கள் வீட்டில் அங்கே 140 செ.மீ., இங்கே 102. கழித்தால் 38. தெருப் பள்ளத்தில் 38 செ.மீ. தண்ணீர் நின்றால் எங்கள் ஹாலுக்குள் வரும். முழங்காலுக்குச் சற்றுக் கீழ், அவ்வளவுதான்.

பெரும்பாலானவர்கள் இந்த ஒரு அளவோடு நிறுத்திவிடுவார்கள். நிறுத்தாதீர்கள். அதே டியூபை வைத்து கேட், சம்ப் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி) மூடி, கீழ்த்தள டாய்லெட் தரை, ஈ.பி. மீட்டர், இன்வெர்ட்டர், வண்டி நிற்கும் இடம் எல்லாவற்றையும் அளந்து எழுதுங்கள். எங்கள் வீட்டில் கேட் 12, சம்ப் மூடி 21, டாய்லெட் 30. பாருங்கள், ஹாலுக்குள் தண்ணீர் வருவதற்கு வெகு முன்னாலேயே சம்பில் சாக்கடை கலந்துவிடும். அடுத்து டாய்லெட் வழியாகக் கழிவுநீர் மேலே ஏறும். "வீட்டுக்குள்ள வரலையே" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே குடிக்கவும் கழுவவும் தண்ணீர் இல்லாமல் போயிருக்கும். வெள்ளம் என்பது நிலைப்படி தாண்டினால்தான் என்ற எண்ணத்தை இந்த ஒரு தாள் மாற்றிவிடும்.

தெருமுனையில் வீடுகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் ஈ.பி. பில்லர் பாக்ஸின் அடிமட்டத்தையும் எட்ட நின்று கண்ணளவில் குறித்துக்கொள்ளுங்கள். தொடக்கூடாது. தண்ணீர் அதை நெருங்கினால் தெருவுக்கே கரண்டை நிறுத்துவார்கள். நிறுத்தத்தான் வேண்டும். அப்போது மாடியில் இருப்பவருக்கும் மோட்டார் இல்லை, லிஃப்ட் இல்லை. நாலாவது மாடி சார்களிடம் நான் காட்டுவது இந்த அளவைத்தான்.

வருஷத்துக்கு ஒரு முறை திரும்ப அளக்க வேண்டும். காரணம் ரோடு. பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே புதுசு போட்டால் தெரு உயர்ந்துகொண்டே போகும், வீடு இறங்கிக்கொண்டே போகும். எங்கள் வீட்டுக்கு மூன்று படி இருந்ததாக வீட்டுக்கார அம்மா சொல்கிறார். இப்போது ஒன்றரை தெரிகிறது. 2021-ல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு, பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று உத்தரவே போட்டார். உங்கள் தெருவில் ரோடு போட வரும் அன்று வெளியே நின்று அதைக் கேளுங்கள். ரோலர் ஓடிய பிறகு கேட்டுப் பயனில்லை. 2015-ல் வராத தண்ணீர் இப்போது வருவதற்கு மழை அதிகமாகப் பெய்ய வேண்டியதில்லை. ரோடு ஒரு சாண் ஏறியிருந்தால் போதும்.

யாரிடம் கேட்பது, என்ன கேட்பது

மாடியில் இருப்பவருக்கு வெள்ளம் என்றால் கரண்டும் பாலும் இல்லாத இரண்டு நாள். கீழே இருப்பவருக்கு ஃபிரிட்ஜ் மிதந்த ராத்திரி. இருவருமே பொய் சொல்லவில்லை. ஆனால் மேலே இருப்பவரிடம் கேட்டு கீழ் வீட்டுக்கு முடிவெடுக்காதீர்கள். சொந்த வீட்டுக்காரர்கள் கொஞ்சம் குறைத்துத்தான் சொல்வார்கள். வாடகை, மனை விலை என்று அவர்களுக்கும் கவலை. உண்மையாக அனுபவித்த வாடகைக்காரரோ அடுத்த தை மாதம் வேறு ஏரியாவுக்குப் போயிருப்பார். தெருவின் ஞாபகம் அவரோடு லாரியில் ஏறிப் போய்விடுகிறது.

இஸ்திரி வண்டிக்காரர், மளிகைக்கடை அண்ணாச்சி, வாட்ச்மேன், தரைத்தளத்தில் வயதானவர்களைப் பார்த்துக்கொண்டு பகல் முழுக்க இருக்கும் பெண்கள், இவர்களிடம் போங்கள். "தண்ணி வந்துச்சா?" என்று கேட்டால் "வந்துச்சு" என்று முடிந்துவிடும். எந்தப் பக்கமிருந்து முதலில் வந்தது, எது வரைக்கும், எத்தனை நாள் நின்றது, கரண்ட் எப்போது போனது, படகு எது வரை வந்தது என்று கேளுங்கள்.

எங்கள் தெருமுனை இஸ்திரி அக்காவிடம் இப்படிக் கேட்டபோது அவர் கரிப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் காட்டினார். "தம்பி, எல்லாரும் மெயின் ரோட்டுலருந்து வந்துச்சுன்னு சொல்றாங்க. இல்ல. அதோ அந்த மூடி இருக்குல்ல, அது டக்கு டக்குனு ஆடுச்சு. அப்புறம் தூக்கிக்கிட்டு கீழருந்து வந்துச்சு. அது வந்து அரை மணி நேரம் கழிச்சுதான் ரோட்டுத் தண்ணி." மழைநீர் வடிகால் எதிர்த்துத் தள்ளுகிறது என்பதை ஒரு படிப்பும் இல்லாமல் அந்த அக்கா சொல்லிவிட்டார். அன்றிலிருந்து மழை நாளில் தெரு முழுக்கச் சுற்ற வேண்டிய அவசியம் இல்லை. அந்த மூடியைப் பார்த்தால் போதும். அது ஆடினால் எங்களுக்கு அரை மணி நேரம் இருக்கிறது.

அறிவிப்பைத் தெருக்கணக்காக மாற்றுவது

வானிலை மையம் கனமழை என்று சொல்வது 24 மணி நேரத்தில் 6.5 செ.மீ. முதல் 11.5 வரை. அதற்கு மேல் 20.4 வரை மிக கனமழை. அதையும் தாண்டினால் அதி கனமழை. அந்த 24 மணி நேரம் காலை 8.30-க்கு முடிகிறது. ஆகவே காலைச் செய்தியில் வரும் அளவு முந்தின நாளுடையது. எச்சரிக்கை நிறம் மஞ்சள் என்றால் கவனமாக இருங்கள், ஆரஞ்சு என்றால் தயாராகுங்கள், சிவப்பு என்றால் செயலில் இறங்குங்கள்.

மக்கள் இந்த நிறங்களை ராசிபலன் மாதிரி எடுத்துக்கொள்கிறார்கள்: பலித்ததா, பலிக்கவில்லையா. 2021 டிசம்பர் 30 அன்று பெரிய எச்சரிக்கை எதுவும் இல்லை; மதியத்துக்கு மேல் பிடித்த மழையில் நகரமே ரோட்டில் நின்றது. 2024 அக்டோபர் 16-க்கு ரெட் அலர்ட். காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் வடக்கே தள்ளிப் போனதால் பயந்த அளவுக்குப் பெய்யவில்லை. அந்த வாரம் வேளச்சேரிக்காரர்கள் கார்களைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்தியதைப் பார்த்துப் பலரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 2023-ல் காரை இழந்தவர்கள், அறிவிப்பைக் கேட்டு, சரியான நேரத்தில், செலவில்லாமல் செய்த வேலை அது. மழை வராமல் போனால் காரைத் திரும்ப ஓட்டிக்கொண்டு வரப்போகிறார்கள். மழை பொய்த்தது என்பதற்காக அடுத்த முறை நிறுத்தாமல் இருப்பதுதான் தப்பு.

செ.மீ. என்பதைக் கண்ணால் பார்க்கும் விஷயமாக மாற்ற ஒரு கணக்கு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. பெய்தால் ஒரு லிட்டர். ஒரு கிரவுண்டு என்பது 223 சதுர மீட்டர். 10 செ.மீ. பெய்தால் அந்த ஒரு மனையில் மட்டும் 22,300 லிட்டர், கிட்டத்தட்ட இரண்டு பெரிய தண்ணீர் லாரி. தெருவில் நாற்பது கிரவுண்டு இருந்தால் எழுபது லாரிக்கு மேல். தளம் போட்டு, டைல்ஸ் ஒட்டி, மண்ணே தெரியாமல் மூடிய தெருவில் அத்தனையும் அந்த ஒரே வடிகாலைத்தான் தேடிப் போகும். மழைநீர் சேகரிப்புத் தொட்டியைத் தூர்வாருங்கள் என்று நான் வீடு வீடாகச் சொல்வதற்கு இந்தக் கணக்குதான் காரணம்.

எத்தனை செ.மீ. என்பதைவிட எத்தனை மணி நேரத்தில் என்பது முக்கியம். நாள் முழுக்கச் சொட்டிய 10 செ.மீ. போன இடம் தெரியாது. இரண்டு மணி நேரத்தில் கொட்டினால் தெரு நிற்கும். இதற்கு மொட்டை மாடியில், மரமும் தண்ணீர்த் தொட்டியும் மறைக்காத இடத்தில், பக்கம் சரியாத நேர் டப்பா ஒன்றை வையுங்கள். மழை விட்டதும் உள்ளே ஸ்கேலை விட்டு அளந்து, நேரத்தோடு எழுதி, அதே சமயம் தெருப் பள்ளத்தில் எத்தனை செ.மீ. நிற்கிறது என்றும் எழுதுங்கள். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் உங்களிடம் உங்கள் தெருவின் சொந்தக் கணக்கு இருக்கும். அப்புறம் டி.வி.யில் "மிக கனமழை" என்று சொன்னால் அது கேட்டா, சம்ப்பா, நிலைப்படியா என்று உங்களுக்கே தெரியும்.

ஆற்றோரக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. செம்பரம்பாக்கத்தின் முழு உயரம் 24 அடி. 22 அடியை ஒட்டியே கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க ஆரம்பிப்பார்கள். சென்னைக் குடிநீர் வாரியத்தின் இணையதளத்தில் ஏரிகளின் நிலவரம் தினமும் இருக்கிறது. "திறந்துட்டாங்க" என்று வந்தால் எத்தனை கன அடி என்று கேளுங்கள். 500 கன அடிக்கும் 29,000 கன அடிக்கும் உள்ள வித்தியாசம் அந்த ஃபார்வர்டில் இருக்காது.

முடிவை மழைக்கு முன்னால் எடுப்பது

என் அம்மாவை மாடிக்குப் போகச் சொன்னால் போகமாட்டார். "எத்தனை மழை பாத்திருக்கேன், இதுக்குப் போய் அடுத்த வீட்டுல போய் உக்காரணுமா?" என்பார். வெள்ளத்தின் வீடியோக்களைக் காட்டிப் பயமுறுத்தினால் வயதானவர்கள் இன்னும் இறுகிவிடுவார்கள். நான் வேறு மாதிரி கேட்டேன். எங்கள் காம்பவுண்ட் சுவரின் உள்பக்கம் பூச்சு கிடையாது, செங்கல் வரிசை தெரியும். "எந்தச் செங்கல் வரைக்கும் வந்தா மேல போலாம்னு நீயே சொல்லும்மா" என்றேன். மூன்றாவது வரிசையைக் காட்டினார். டியூபை நிலைப்படிக்கும் அந்த வரிசைக்கும் பிடித்துக் காட்டினேன். இரண்டும் ஒரே மட்டம். மூன்றாவது வரிசை நனையும்போது ஹாலில் அவர் கட்டில் காலும் நனையும். பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தவர், குனிந்து முதல் வரிசையைத் தொட்டார். அதற்குச் சிவப்பு பெயின்ட் அடித்தாயிற்று. மேல்வீட்டு மாமியிடமும் அம்மாவே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். மழை கொட்டும் நேரத்தில் வாக்குவாதம் வேண்டாம், செங்கல் சொல்லும்.

அதேபோல ஒவ்வொரு குறிக்கும் ஒரு வேலை வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் ஆரஞ்சு அறிவிப்பு வந்தாலே மேல்நிலைத் தொட்டி நிரம்பிவிடும், குடிதண்ணீர் பிடித்தாகிவிடும், சம்ப் மூடிக்கு பாலிதீன் சுற்றி மேலே கல் ஏறும், டார்ச்சும் போனும் சார்ஜ் ஆகும், வண்டி மேட்டுக்குப் போய்விடும். பட்டா, ஆதார், மார்க் ஷீட், அம்மாவின் மருந்துச் சீட்டு ஒரே பிளாஸ்டிக் கவரில் பரணில். தெருமுனை மூடி ஆடினால் கீழ் டாய்லெட்டை ஈரமணல் மூட்டையால் அடைத்துவிடுவேன். சிலிண்டரை ரெகுலேட்டர் மூடி மேலே ஏற்றிவிடுவோம். தண்ணீர் கேட்டைத் தாண்டினால் காய்ந்த தரையில் நின்று, காய்ந்த கையோடு மெயின் ஆஃப். முதல் செங்கல் நனைந்தால் அம்மாவும் மகளும் மேலே. இருட்டுவதற்குள் எந்தக் குறியும் நெருங்குகிற மாதிரித் தெரிந்தால் அடுத்த வேலையையும் சேர்த்தே செய்துவிடுவோம், ஏனென்றால் ராத்திரி தண்ணீரில் கால் வைப்பது திறந்த மூடியில் கால் வைப்பது.

வண்டி முழுகிவிட்டால் ஸ்டார்ட் பண்ணாதீர்கள். உள்ளே தண்ணீர் இருக்க சாவியைத் திருப்பினால் என்ஜின் போய்விடும். என்ஜினுக்கென்று தனியாகக் காப்பீடு எடுக்காதவர்களுக்குச் சாதாரண பாலிசியில் அந்தச் செலவு கிடைப்பது கஷ்டம். டோ வண்டிதான்.

வடிகாலைப் பற்றி: செப்டம்பரிலேயே தெருவில் வண்டல் தொட்டிகளைத் திறந்து பார்க்கச் சொல்லி மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் கொடுங்கள். புகார் எண்ணை எழுதி வையுங்கள். போட்டோவில் தெருப்பெயர்ப் பலகையும் தெரிய வேண்டும்.

தண்ணீர் வடிந்ததும் எல்லோரும் முதலில் சுவரைக் கழுவுகிறார்கள். அதற்கு முன் அழுக்குக் கோடு நிற்கும் இடத்தில் ஆணியால் கீறி, தேதியைப் போட்டுவிடுங்கள். வெளிச்சுவரில் போட்டால் அடுத்த பொங்கலுக்கு வெள்ளையில் மறைந்துவிடும். மாடிப்படிக்கு அடியில், யாரும் பெயின்ட் அடிக்காத இடத்தில் போடுங்கள். வீட்டுக்காரர் சங்கடப்பட்டால், அந்தக் கோட்டைக் காட்டித்தான் படியை உயர்த்தவும் ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்கவும் கணக்குப் போட முடியும் என்று சொல்லுங்கள். உங்களுக்குப் பிறகு அந்த வீட்டைப் பார்க்க வருபவர்கள் புரோக்கரிடம் கேட்பார்கள், அவர் சொல்லமாட்டார். டியூபையும் அளவு எழுதிய தாளையும் மீட்டர் பாக்ஸுக்கு மேலே விட்டுவிட்டுப் போங்கள். ரோடு போட்ட தேதியையும் அதில் எழுதுங்கள்.